விளக்கேந்திய ஆசிரியர்: ருசி ராம் சாஹ்னி

கற்றார் பலர்; கற்றதைக் கல்லாதார் இல்லந்தேடிச் சென்று வழங்கினார் மிகச் சிலர். கல்வியைப் பட்டத்திற்கும் பதவிக்கும் உரிய கருவியாக மட்டுங் கொள்ளும் வழக்கம் வேரூன்றத் தொடங்கிய காலத்தே, கடைத்தெரு வணிகரும் கைத்தொழிலாளரும் விஞ்ஞானம் அறிதல் வேண்டுமென உழைத்த பெரியார் ஒருவரின் வரலாற்றை நேயர்கள் முன் வைக்க விழைகின்றோம். அவர் பஞ்சாப் நாட்டினரான பேராசிரியர் ருசி ராம் சாஹ்னி. தாவரவியலறிஞர் பீர்பல் சாஹ்னியின் தந்தையார் என்னும் அளவிலேயே பலரும் இவரை அறிவர். மகன் புகழால் தந்தை அறியப்படுதல் பெருமையே. எனினும் இத்தந்தை தம் செயலாலேயே அறியத்தக்கவர்.

இவர் 1863-ஆம் ஆண்டில், சிந்து நதிக்கரையிலுள்ள தேரா இஸ்மாயில் கான் என்னும் ஊரில் தோன்றினார். தந்தையார் வணிகர். குடும்பத்தின் செல்வம் வணிகத்தில் அழிய, வறுமை வந்தெய்தியது. கல்வியை விட்டுக் கடையிற் சென்று அமர்வதே அந்நிலையில் எளிய வழி. சிறுவரோ அவ்வழியை நாடாது, புத்தக மூட்டையை முதுகிற் சுமந்துகொண்டு நூற்றைம்பது மைல் தொலைவிலுள்ள ஜாங் என்னும் ஊருக்கு நடந்தே சென்று கற்றார் என்பர். பின்னர்ப் பேரா என்னும் ஊரிலும், லாகூர் அரசினர் கல்லூரியிலும் பயின்று, 1884-இல் பி. ஏ. பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டில் இந்திய வானிலை ஆய்வுத்துறையில் அலுவல் வாய்த்தது. பிளான்போர்டு என்னும் அறிஞர் அப்பொழுது அதன் தலைவர். மேலும் உயரத்தக்க வாய்ப்புடைய அவ்வலுவலை விடுத்து, 1887-இல் லாகூர்க் கல்லூரிக்கே ஆசிரியராய் மீண்டார். 1918-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணி புரிந்தார்.

இனி, இவர்தம் வாழ்வின் சிறந்த பகுதிக்கு வருவோம். 1885-ஆம் ஆண்டில் பஞ்சாப் விஞ்ஞானக் கழகம் தோன்றியது. இவருக்குக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஓமன் என்னும் ஆங்கிலேயரும் இவரும் அதற்குக் கால்கோள் செய்தவர்கள். விஞ்ஞானத்தைப் பொதுமக்களிடையே பரப்புதலே அதன் நோக்கம். கல்லூரி மண்டபத்தில் ஆங்கிலத்திற் பேசி அமைந்துவிட்டிருப்பின், அக்கழகம் பத்தோடு பதினொன்றாய் மறைந்திருக்கும். சாஹ்னியாரோ சோதனைக் கருவிகளையும் மாய விளக்கையும் எடுத்துக்கொண்டு ஊர்தோறும் புறப்பட்டார்.

மாய விளக்கு யாதென இக்காலச் சிறார் வினவுதல் கூடும். மாஜிக் லாந்தர் என்று நம் முன்னோர் வழங்கியது அதனையே. தகரப் பெட்டியொன்றினுள் சுடர்மிக்க விளக்கொன்று இருக்கும். மின்சாரம் எட்டாத ஊர்களில் மண்ணெண்ணெய்த் திரி விளக்கே அதற்குப் பயன்படும். விளக்கிற்கு முன்னே ஒளியைக் குவிக்கும் தடித்த கண்ணாடி வில்லைகள். அவற்றிற்கு முன்னே, உள்ளங்கையளவான கண்ணாடித் தகட்டில் தீட்டிய அல்லது நிழற்படமாகப் பதித்த சித்திரம். சித்திரத்தைத் தலைகீழாகச் செருகினால், எதிரே கட்டிய வெள்ளைத் துணியில் அது நேராகவும் பலமடங்கு பெரிதாகவும் தோன்றும். இருள் வேண்டுமாதலின் இரவே அதற்கு ஏற்ற பொழுது. பகலெல்லாம் உழைக்கும் மக்களுக்கு ஓய்வு கிடைப்பதும் அப்பொழுதே அன்றோ? எழுத்தறியாதாரும் கண்ணுடையாராகலின், நூல் புகாத இடத்தும் படம் புகுந்தது.

இவர் எடுத்துக்கொண்ட பொருள்களை நோக்குமின். சவர்க்காரம் செய்தல், கண்ணாடி செய்தல், மின்சாரத்தால் உலோக முலாம் பூசுதல், தந்தி இயங்குமாறு, தூய காற்றும் தீய காற்றும், விளையாட்டுப் பொம்மைகள் புகட்டும் பாடங்கள், பஞ்சாபும் அதன் நதிகளும் என்பன அவற்றுட் சில. 1880-ஆம் ஆண்டுக்கு முன் லாகூர் மக்கள் பருகிய நீர் எத்தகையது என்பதும் ஒரு பொருள். இப்பொருளைத் தேர்ந்த நுட்பம் வியக்கத்தக்கது. நோய்க்கிருமி என்று தொடங்கின், கேட்போன் அது யாருக்கோ உரிய செய்தி என்று எழுந்து போவான். நீயும் நின் தந்தையும் பருகிய நீர் இது என்று தொடங்கின், முடியுமட்டும் அமர்ந்து கேட்பான். விஞ்ஞானத்தை அவன் வீட்டுக் குடத்திலிருந்தே எடுத்துக் காட்டுதல் ஆசிரியத் தொழிலின் உச்சமாகும்.

இவ்வுரைகள் பஞ்சாபி மொழியிலேயே நிகழ்த்தப்பெற்றன. ஆங்கிலமின்றி விஞ்ஞானம் இல்லை என்று கற்றோர் கருதியிருந்த காலம் அது. கலைச்சொற்கள் அமைந்த பின்னரே தாய்மொழியிற் பேசலாகும் என்று காத்திருந்தாரும் உளர். இவர் காத்திருக்கவில்லை. பொருளைக் கண்முன் காட்டுபவனுக்குச் சொல் தானே வந்து ஏவல் செய்யும் என்பதைச் செய்து காட்டினார். கடைக்காரரும் எழுத்தரும் கட்டணங் கொடுத்து வந்து கேட்டனர். இலவசமாகக் கிடைப்பதையே மக்கள் விரும்புவர் என்பாருக்கு இஃது ஏற்ற விடையாகும். சாஹ்னியார் தம் வாழ்நாளில் நிகழ்த்திய உரைகள் ஐந்நூறு வரை இருக்கும் என்பர்.

படமும் சொல்லும் மட்டும் போதா என்பதையும் இவர் உணர்ந்திருந்தார். அந்நாளிற் பள்ளிகளில் விஞ்ஞானப் பாடம் புகுந்தும், கருவிகள் சீமையிலிருந்தே வருதல் வேண்டியிருந்தது. விலையோ மிகுதி, உடைந்தாற் செப்பனிடுவார் இல்லை. ஆதலின் பல பள்ளிகளில் அவை பேழையினுட் பூட்டிக் காக்கப்படும் பொருள்களாயின. இக்குறை நீக்க 1888-இல் இவர் ஒரு தொழிற்கூடம் அமைத்தார். ரயில்வே பட்டறையிற் பயின்ற அல்லா பக்ஷ் என்னும் தொழில்வல்லார் இவருக்குத் துணையானார். பேராசிரியரும் கம்மியரும் ஒரு மேசையினருகே நின்று பித்தளையை அராவிக் கருவி செய்தனர். ஒருவர்க்கு நூலறிவு, மற்றவர்க்குக் கையறிவு. இரண்டுஞ் சேர்ந்தவிடத்தே குறைந்த விலையில் நற்கருவிகள் பிறந்து, பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சென்றன. 1906-இல் கல்கத்தாவில் நிகழ்ந்த கண்காட்சியில் அவை தங்கப் பதக்கமும் பெற்றன.

ஐம்பது அகவை கடந்தும் இவர் மாணவராகவே இருந்தார். 1914-இல் கதிரியக்க ஆராய்ச்சி பயிலும் பொருட்டு ஜெர்மனி சென்று, பயான்ஸ் என்பாரிடம் அமர்ந்தார். உலகப்போர் மூளவே, இங்கிலாந்து சென்று மான்செஸ்டர் நகரில் ரதர்போர்டு என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்திற் பணியைத் தொடர்ந்தார். தாயகம் மீண்டபின், ஒத்துழையாமை இயக்க நாளில், அரசினர் அளித்திருந்த ராய் சாகிப் பட்டத்தைத் துறந்தார். டிரிப்யூன் பத்திரிகையின் அறங்காவலருள் ஒருவராகவும் தொண்டாற்றினார். 1947-இல் நாடு பிரிந்தது. இவர் உழைப்பெல்லாம் விளைந்த லாகூர் வேற்று நாடாயிற்று. 1948-இல் பம்பாயில் இவர் உயிர் நீத்தார். தாமெழுதிய வாழ்க்கைக் குறிப்புகள் 1994-ஆம் ஆண்டிலேதான் நூலாக வெளிவந்தன.

இவ்வரலாற்றை எழுதுங்கால் எம் உள்ளம் எம்மையே வினவுகின்றது. குவிவில்லை என்னும் சொல்லுக்கு இலக்கணக் குறிப்பு எழுதுமாறு மாணவர்க்கு ஆண்டுதோறும் பணித்திருக்கின்றோம். ஒரு வில்லையை ஒரு சிறுவன் கையிற் கொடுத்து, ஞாயிற்றொளியிற் பிடித்துப் பார் என்று ஒருநாளும் கூறினோமில்லை. அது விஞ்ஞான ஆசிரியர் வேலை என்று ஒதுங்கினோம். விஞ்ஞான ஆசிரியரோ, நல்ல தமிழிற் சொல்லுதல் தமிழாசிரியர் வேலை என்று ஒதுங்கினார். இருவர்க்கும் இடையே நின்ற சிறுவன் ஒன்றுமறியாது வீடு சென்றான். இக்குற்றத்தில் எமக்குரிய பங்கை மறைத்தற்கில்லை.

மாய விளக்கின் காலம் கழிந்துவிட்டது. படங்காட்டுங் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. படம் பஞ்சமில்லை, அப்படத்தின் அருகே நின்று, இஃது இன்னது, நின் வாழ்விற்கு இன்னவாறு பயன்படும் என்று கேட்போன் மொழியில் விளக்கும் மனிதருக்கே பஞ்சம். நம்மவருட் கற்றுயர்ந்த இளைஞர் பலர். அவர்கள் விடுமுறைக்குச் சொந்த ஊர் வருங்கால், ஒரு மாலைப் பொழுதையேனும் ஊர்ப் பள்ளித் திண்ணையிற் செலவிட்டு, தாம் கற்றதில் ஒரு சிறு பகுதியை எளிய தமிழிற் காட்டியுரைப்பாராக. சங்கக் கூட்டங்களில் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் பொருளிற் சிறுபங்கு, சோதனைக் கருவிகள் சில வாங்கப் போதியதாகும். சாஹ்னியார் பொருள் மிகுதியாற் பெரியவரானாரல்லர். புத்தக மூட்டையைச் சுமந்த அதே தோளில் விளக்குப் பெட்டியையும் சுமந்தமையாற் பெரியவரானார்.