மகமூது கவான்

கர்நாடக மாநிலத்தின் வடகோடியில் பீதர் என்னும் பழமையான நகரம் உள்ளது. 15ஆம் நூற்றாண்டில் அது பாமினி சுல்தான்களின் தலைநகராய் விளங்கியது. அந்நகருக்குச் செல்வோர் கோட்டையைக் கண்டபின், பழைய தெருவொன்றில் பாதி இடிந்த பெரிய கட்டடத்தின் முன் நின்றுவிடுவர். அதன் ஒரு மூலையில் உயர்ந்த தூபி ஒன்று நிற்கிறது. நீலமும் பச்சையுமான வண்ண ஓடுகள் இன்றும் அதில் ஆங்காங்கே ஒளிர்கின்றன. மறுமூலையில் இருந்த தூபி இப்போது இல்லை. இக்கட்டடத்தைக் கட்டியவர் மகமூது கவான்.

அவர் பிறந்த ஊர் பீதர் அன்று. பாரசீக நாட்டிலுள்ள கீலான். நாற்பது வயதைக் கடந்தபின், வணிகராகக் கடல்வழியே கொங்கணக் கரையில் வந்து இறங்கினார். சான்றோரைக் காணும் விருப்பத்துடன் பீதருக்கு வந்தவரை அரசவை தன்னிடமே வைத்துக்கொண்டது. சுல்தான் உமாயூன் இறந்தபோது, அடுத்து அரியணை ஏறிய மகன் எட்டு வயதுச் சிறுவன். அரசியாருடன் சேர்ந்து ஆட்சியைத் தாங்கியவர்களுள் கவானும் ஒருவர். பின்னர், மூன்றாம் முகமது சுல்தானின் முதலமைச்சரானார்.

1472ஆம் ஆண்டில் கோவாத் துறைமுகம் அவரது முயற்சியால் பாமினி அரசின் வசமாயிற்று. அதே ஆண்டில் பீதரின் கல்விக்கூடமும் எழுந்தது. மூன்று அடுக்குகள், மாணவர் தங்கும் அறைகள், விரிவுரை மண்டபங்கள், ஏறத்தாழ மூவாயிரம் சுவடிகள் கொண்ட நூலகம். தொலைநாடுகளிலிருந்தும் அறிஞர்களை அழைக்க அவர் கடிதங்கள் எழுதினார். அவருடைய கடிதத் தொகுப்பு இன்றும் கிடைக்கிறது. அவரோ தம் வணிக வருவாயில் எளிமையாக வாழ்ந்தார் என்பர்.

நாட்டின் நான்கு மாகாணங்களை அவர் எட்டாகப் பிரித்தார். ஒவ்வோர் ஆளுநரிடமும் ஒரு கோட்டையை மட்டும் விட்டுவைத்தார். இதனால் அதிகாரம் குறைந்த பிரபுக்கள் அவர்மீது பகைகொண்டனர். அயல்நாட்டிலிருந்து வந்தவர் என்பதும் அப்பகையை வளர்த்தது.

1481இல் சுல்தானின் படை தெற்கே காஞ்சிபுரம் வரை சென்று மீண்டது. அப்படையெடுப்பின்போதுதான் சூழ்ச்சி நிறைவேறியது. கவானின் முத்திரை இட்ட வெற்றுத்தாள் ஒன்றைப் பகைவர் வஞ்சகமாய்ப் பெற்றனர். ஒரிசா மன்னரைப் போருக்கு அழைக்கும் பொய்க் கடிதத்தை அதில் எழுதினர். மதுமயக்கத்தில் இருந்த சுல்தான் அதை நம்பினான். முத்திரை தம்முடையது, எழுத்து தம்முடையதன்று என்று கவான் எடுத்துரைத்தும் பயனில்லை. ஏப்ரல் 5ஆம் நாள் அம்முதியவர் கொல்லப்பட்டார்.

பெருஞ்செல்வம் இருக்கும் என்று எண்ணி அவரது கருவூலத்தைத் திறந்தவர்கள் சிறு தொகையையே கண்டனர். உண்மை அறிந்து வருந்திய சுல்தான் ஓராண்டுக்குள் இறந்தான். அடுத்த சில பத்தாண்டுகளில் பாமினி அரசு ஐந்தாகச் சிதறியது.

கல்விக்கூடம் அதன்பின்னும் இரு நூற்றாண்டுகள் முழுமையாய் நின்றது. முகலாயர் காலத்தில் அங்கு வைத்திருந்த வெடிமருந்து வெடித்தபோதுதான் முகப்பின் பெரும்பகுதியும் ஒரு தூபியும் சரிந்தன. எஞ்சிய பகுதியைத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது.