சாமுவேல் டெய்லர் டார்லிங்

சாமுவேல் டெய்லர் டார்லிங் (1872 – மே 1925) அமெரிக்க நோயியல் வல்லுநரும் வெப்பமண்டல மருத்துவ ஆய்வாளரும் ஆவார். பனாமாக் கால்வாய் வெட்டப்பட்ட காலத்தில் அங்கோன் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்தார். நுரையீரலைத் தாக்கும் ஹிஸ்டோபிளாஸ்மா கேப்சுலேட்டம் என்னும் பூஞ்சையை முதன்முதலில் கண்டு பெயரிட்டவர் இவரே. ஆயினும் தாம் கண்டது பூஞ்சை என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அதனை ஓரணு உயிரி (புரோட்டோசோவா) எனக் கருதினார். இந்நோய்க்கு டார்லிங் நோய் என்றும் பெயர் உண்டு.

இளமை

டார்லிங் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹாரிசன் நகரில் பிறந்தார். பால்ட்டிமோர் நகரின் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பயின்று 1903 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1905 இல் பனாமா சென்றார்.

பனாமாவில்

கால்வாய்ப் பகுதியின் சுகாதாரப் பணிகளுக்கு அப்போது வில்லியம் கோர்காஸ் பொறுப்பேற்றிருந்தார். மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் நுரையீரல் அழற்சியும் தொழிலாளர்களைப் பெருமளவில் பலிகொண்டன. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களே இதில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். இறந்தோரின் உடல்களை ஆய்ந்து காரணம் அறிவது டார்லிங்கின் அன்றாடப் பணியாக இருந்தது.

1905 டிசம்பரில் மார்த்தினிக்குத் தீவைச் சேர்ந்த தொழிலாளி ஒருவரின் உடலை அவர் ஆய்வு செய்தார். நுரையீரல் முழுதும் சிறு முடிச்சுகள் பரவியிருந்தன. மண்ணீரலும் கல்லீரலும் வீங்கியிருந்தன. வெறுங்கண்ணுக்கு இது காசநோயாகவே தோன்றியது. ஆனால் நுண்ணோக்கியில் காசநோய்க் கிருமிகள் காணப்படவில்லை. மாறாக, பெருவிழுங்கி உயிரணுக்களுக்குள் எண்ணற்ற சிறு உருண்டைகள் நிறைந்திருந்தன.

இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1903 இல், கருங்காய்ச்சலின் கிருமியை வில்லியம் லீஷ்மனும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணிபுரிந்த சார்லஸ் டொனோவனும் தனித்தனியே அறிவித்திருந்தனர். அக்கிருமியும் இவ்வாறே உயிரணுக்களுக்குள் சிறு உருண்டைகளாகத் தோன்றுவது. எனவே டார்லிங் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் வியப்பில்லை. கருங்காய்ச்சல் கிருமியில் உட்கருவுக்கு அருகே காணப்படும் சிறு கோல் போன்ற பகுதி தாம் கண்டவற்றில் இல்லை என்பதை அவர் கவனித்தார். ஆகவே இது வேறோர் உயிரி எனச் சரியாகவே முடிவு செய்தார். அது எவ்வகை உயிரி என்பதில்தான் தவறினார்.

மேலும் இருவரிடம் இதே நோயைக் கண்டார். அவர்களுள் ஒருவர் பனாமாவில் நெடுங்காலம் வாழ்ந்த சீனர். 1906 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். அவர் இட்ட பெயரில் ஹிஸ்டோ என்பது திசு உயிரணுவையும், பிளாஸ்மா என்பது மலேரியாக் கிருமியாகிய பிளாஸ்மோடியத்தை ஒத்த உயிரியையும், கேப்சுலேட்டம் என்பது உறையையும் குறிக்கும். உண்மையில் அது பிளாஸ்மோடியம் போன்றதன்று. உறையும் கிடையாது. சாயமேற்றும்போது உயிரணு சுருங்குவதால் சுற்றிலும் தோன்றும் வெளிர் வளையமே உறையாகத் தெரிந்தது. பெயரிடல் விதிகளின்படி முதலில் இட்ட பெயரே நிலைத்துவிட்டது.

1907-08 இல் இளம் மருத்துவரான ஜார்ஜ் விப்பிள் டார்லிங்கின் ஆய்வுக்கூடத்தில் ஓராண்டு பணியாற்றினார். இவர் பின்னர் 1934 இல் நோபல் பரிசு பெற்றார். மலேரியாவைப் பரப்பும் கொசுக்களைப் பற்றி டார்லிங் செய்த ஆய்வுகள் 1910 இல் நூலாக வெளிவந்தன.

பிற்காலம்

1915 முதல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சார்பில் மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தார். பின்னர் பிரேசிலின் சாவ் பாவுலோ நகரில் சுகாதாரவியல் கற்பித்தார். அதன்பின் ஜோர்ஜியா மாநிலத்தில் மலேரியா ஆய்வு நிலையம் ஒன்றை நடத்தினார். 1925 இல் உலக நாடுகள் சங்கத்தின் மலேரியா ஆணையத்தோடு மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றார். மே மாதத்தில் பெய்ரூட் அருகே நிகழ்ந்த மோட்டார் வாகன விபத்தில் உயிரிழந்தார். மலேரியா ஆய்வுக்கான பரிசு ஒன்று பின்னர் அவர் பெயரால் நிறுவப்பட்டது.

பிழை திருத்தப்பட்ட வரலாறு

பிரேசிலைச் சேர்ந்த என்ரிக்கே ட ரோச்சா லிமா, டார்லிங்கின் கண்ணாடித் தகடுகளை ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒப்பிட்டுப் பார்த்து, 1912 அளவில் இது பூஞ்சையாகவே இருக்க வேண்டும் எனக் கூறினார். 1934 இல் வில்லியம் டிமான்பிரன், டென்னசியில் நோயுற்ற ஒரு குழந்தையிடமிருந்து எடுத்த கிருமியை வளர்த்துக் காட்டினார். அறை வெப்பநிலையில் அது இழைகளாலான பூசணமாகவும், 37 பாகை செல்சியசில் உருண்டையான ஈஸ்ட்டாகவும் வளர்ந்தது. டார்லிங் பார்த்தவை யாவும் மனித உடலின் சூட்டில் இருந்த ஈஸ்ட் வடிவமே. இழை வடிவத்தை அவர் கண்டிருந்தால் பூஞ்சை என அடையாளம் கண்டிருக்கக்கூடும். அந்த இழைகளோ மண்ணில், குறிப்பாகப் பறவை, வௌவால் எச்சம் சேர்ந்த இடங்களில் வளர்பவை. மண்ணிலிருந்து இதனை 1949 இல் செஸ்டர் எமன்ஸ் பிரித்தெடுத்தார்.

ஒரே உயிரி இரு உருவம் கொள்வதற்குக் காரணம் மரபணு வெளிப்பாட்டில் ஏற்படும் மாற்றமாகும். மண்ணிலுள்ள நுண்வித்துகள் மூச்சோடு நுரையீரலை அடைந்ததும் வெப்பம் உயர்கிறது. இழை வடிவத்துக்குரிய மரபணுக்கள் பல ஒடுங்கி, ஈஸ்ட் வடிவத்துக்குரியவை செயல்படத் தொடங்குகின்றன. இம்மாற்றத்துக்கு டிஆர்கே1 என்னும் நொதி இன்றியமையாதது என 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது. இம்மரபணு முடக்கப்பட்டால் 37 பாகையிலும் பூஞ்சை இழையாகவே இருந்துவிடுகிறது. நோய் உண்டாக்கும் திறனும் குன்றிவிடுகிறது. ஈஸ்ட் வடிவத்தின் மரபணுக்களுள் பெரும்பாலானவற்றை இயக்கும் ஆர்ஒய்பி1 என்னும் ஒழுங்குபடுத்தும் புரதம் 2008 இல் விவரிக்கப்பட்டது. ஈஸ்ட் வடிவம் மட்டுமே சுரக்கும் சிபிபி1 என்னும் புரதம், தன்னை விழுங்கிய பெருவிழுங்கியையே சாகச் செய்கிறது. டார்லிங் கண்ட உருண்டைகள் அவ்வுயிரணுக்களுக்குள் நிறைந்திருந்தது தற்செயலன்று.

2017 இல் முழு மரபுத்தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள் இவ்வினத்தைப் பல இனங்களாகப் பிரித்தனர். வட அமெரிக்க வகைகள் வேறு பெயர்களைப் பெற்றன. டார்லிங் இட்ட பெயர் பனாமாவில் காணப்படும் வகைக்கே விடப்பட்டது.