வெல்லஸ்லி வீட்டு இளைய மகன்

எங்கள் பாட்டி இன்றும் செபராங் பிறையை ‘பிராவின்ஸ் வெல்லஸ்லி’ என்றுதான் சொல்வார். யார் அந்த வெல்லஸ்லி என்று தேடினேன். ரிச்சர்ட் வெல்லஸ்லி, அப்போதைய இந்தியாவின் கவர்னர் ஜெனரல். ஆனால் படிக்கப் படிக்க என்னை இழுத்தது அவருடைய தம்பி ஆர்தர். வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் டியூக் இவர்தான்.

1769-இல் அயர்லாந்தில் பிறந்தார். அப்பா பிரபு. ஆனால் பிரபு பட்டம் மூத்த மகனுக்கு மட்டுமே போகும். (நம்ம நாட்டில் டத்தோவின் மகன் டத்தோ ஆவதில்லை. அங்கே ஆகலாம், முதலில் பிறந்திருந்தால்!) ஆர்தருக்குப் பட்டமும் இல்லை, காசும் இல்லை. பெண் கேட்டுப் போனார். பெண் வீட்டார் மறுத்துவிட்டார்கள். ஆசையாக வாசித்த வயலின்களைத் தீயில் போட்டுவிட்டு, இனி பட்டாளம்தான் என்று இறங்கினார்.

1797-இல் மணிலாவைத் தாக்கக் கிளம்பிய படையோடு நம்ம பினாங்குக்கும் வந்திருக்கிறார். அந்தத் திட்டம் பாதியிலேயே கைவிடப்பட்டது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் ஸ்ரீரங்கப்பட்டணம் அவர் பொறுப்பில் வந்தது.

1803 செப்டம்பர் 23, அசாயே. எதிரே சிந்தியாவும் பேரார் ராஜாவும் திரட்டிய பெரும் மராட்டியப் படை, நடுவில் கைட்னா ஆறு. இறங்கிக் கடக்க இடமே இல்லை என்றார்கள் வழிகாட்டிகள். ஆர்தர் பார்த்தார்: இரண்டு கரையிலும் எதிரெதிரே இரண்டு கிராமங்கள். அப்படியென்றால் ஜனங்கள் போக வர ஒரு துறை இருந்தே ஆகணும்! இருந்தது. இன்ஜினியரிங் படிக்கிற எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது.

பிடிக்காததும் உண்டு. அவருடைய காலாட்படையில் வெள்ளைக்காரப் பட்டாளம் இரண்டே இரண்டு. மதராஸ் சிப்பாய்ப் பட்டாளங்கள் ஐந்து. தமிழரும் தெலுங்கரும் கம்பெனிச் சம்பளத்துக்காக மராட்டியரோடு மோதினார்கள். ஆர்தர் பக்கம் மட்டுமே 1,500 பேருக்கு மேல் செத்தார்கள், காயப்பட்டார்கள். தான் நடத்திய சண்டைகளிலேயே சிறந்தது அசாயேதான் என்று பிற்காலத்திலும் அவர் நினைத்தார்.

ஊர் திரும்பி, 1806-இல் அதே பெண்ணைக் கட்டிக்கொண்டார். பரம்பரைப் பட்டம் 1809-இல் ஸ்பெயினில் தலவெரா சண்டைக்குப் பிறகுதான் கிடைத்தது. அவர் போர்க்களத்தில் இருந்ததால் பெயரைத் தேர்ந்தெடுத்தது இன்னொரு அண்ணன் வில்லியம். குடும்பப் பெயருக்கு ஒலியில் ஒட்டி வருகிற ஊராகப் பார்த்து, சோமர்செட்டில் இருக்கும் வெல்லிங்டனைப் பிடித்தார். நம்ம வீட்டில் அண்ணன்மார் பெயர் வைக்கிற மாதிரியேதான்! வைகவுண்டில் தொடங்கி, ஏர்ல், மார்க்விஸ் என்று ஏறி, 1814-இல் டியூக். அந்த வருஷமே நாடாளுமன்றம் 4 லட்சம் பவுன் ஒதுக்கியது.

அரசு பணத்தில் வாங்கிய ஸ்ட்ராட்ஃபீல்ட் சே எஸ்டேட்டுக்கு வாடகை ஒரே ஒரு கொடி. வாட்டர்லூ நாளான ஜூன் 18 தோறும், நண்பகலுக்குள், பிரெஞ்சு மூவர்ணக் கொடி ஒன்று வின்சர் கோட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆர்தர் 1852-இல், 83 வயதில் இறந்தார். பட்டமும் எஸ்டேட்டும் மூத்த மகனுக்குப் போயின. இப்போது இருப்பவர் 9-ஆவது டியூக்.

அசாயேயில் நின்ற மதராஸ் பட்டாளங்களுக்கும் ஒன்று கொடுத்தார்கள்: கொடியிலும் சின்னத்திலும் ஒரு யானை. இந்திய ராணுவத்தின் மதராஸ் ரெஜிமெண்ட் சின்னத்தில் அந்த யானை இன்றும் நிற்கிறது.