டன் கணக்கில் கழிவு... கையில கிடைச்சது 0.1 கிராம்! ரேடியத்தை மேரி கியூரி பிரித்தெடுத்தது எப்படி?

மேரி கியூரின்னா உடனே ஞாபகத்துக்கு வர்றது ரெண்டு நோபல் பரிசு. ஆனா அந்த ரெண்டாவது பரிசுக்குப் பின்னாடி இருந்தது, பாதி அடுப்படி வேலை மாதிரிதான். கரைக்கணும், காய்ச்சணும், ஆற விடணும். மறுபடியும் முதல்ல இருந்து.

1867-ல் போலந்தின் வார்சா நகரில் பிறந்தவர். அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாது. அதனால் 1891-ல் பாரிஸ் போனார். 1895-ல் பியர் கியூரியுடன் திருமணம்.

பிட்ச்பிளெண்ட் என்ற யுரேனியத் தாதுவை அளந்து பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. அதில் இருக்கும் யுரேனியத்துக்கு வர வேண்டியதைவிடக் கதிர்வீச்சு அதிகமா இருந்தது. அப்படின்னா இந்தக் கலவைக்குள்ள வேற ஏதோ ஒளிஞ்சிருக்கு! 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம் என இரண்டு புதுத் தனிமங்களைத் தம்பதி அறிவித்தனர்.

பேரு வெச்சாச்சு, பொருள் எங்கே? அணு எடை எவ்வளவு என்று வேதியியலாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதைச் சொல்ல, கலப்பே இல்லாத தூய பொருள் கையில வேணும்.

ஒழுகும் கொட்டகையில் ஆய்வு

பொஹீமியாவில் யுரேனியம் எடுத்தபிறகு காட்டில் கொட்டி வைத்திருந்த கழிவு, பைன் மர இலைகளோடு மூட்டை மூட்டையாக வந்தது. ஆய்வுக்கூடம்? கூரை ஒழுகும் ஒரு பழைய கொட்டகை. ஒரு தடவைக்கு 20 கிலோ வரை கொதிக்க வைத்து, கிட்டத்தட்ட தன் உயரமே இருந்த இரும்புக் கம்பியால் கிளறினார் மேரி.

பெரிய தலைவலி பேரியம். வேதியியல் குணத்தில் ரேடியத்துக்கு அது அண்ணன் தம்பி மாதிரி. வடிகட்டினால் பிரியாது. மேரி பிடித்துக்கொண்டது ஒரு சின்ன வித்தியாசத்தை: பேரியம் குளோரைடைவிட ரேடியம் குளோரைடு தண்ணீரில் குறைவாகக் கரையும். அதனால் சூடான கரைசல் ஆறும்போது படியும் படிகங்களில் ரேடியத்தின் பங்கு கொஞ்சம் கூடுதலா இருக்கும். கற்கண்டு படிகிற மாதிரின்னு வெச்சுக்கலாம். அந்தப் படிகத்தைத் திரும்பக் கரைத்து, திரும்பப் படிய விட்டு... ஒவ்வொரு சுற்றிலும் கதிர்வீச்சு ஏறுவதை எலெக்ட்ரோமீட்டர் காட்டிக்கொடுத்தது.

1902-ல் கையில் இருந்தது 0.1 கிராம் ரேடியம் குளோரைடு. அணு எடை 225 என்றார். இன்றைய மதிப்பு 226. அந்தக் கொட்டகையில் இவ்வளவு துல்லியம்! இந்த முறைக்குக் காப்புரிமையும் வாங்கவில்லை.

1906-ல் குதிரை வண்டி மோதி பியர் இறந்தார். அதே வருஷம், ரேடியம் தனிமமே இல்லை, ஈயமும் ஹீலியமும் சேர்ந்த சேர்மமா இருக்கலாம் என்று கிளப்பிவிட்டார் லார்ட் கெல்வின். சாதாரண ஆள் சொல்லியிருந்தால் விட்டிருக்கலாம். கெல்வினாச்சே! மேரி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1910-ல் ஆந்த்ரே தெபியேர்னுடன் சேர்ந்து ரேடியத்தை உலோகமாகவே எடுத்துக் காட்டினார். 1911-ல் வேதியியல் நோபல்.

அந்தக் கரைசல்களை வெறுங்கையால் கையாண்ட காலம் அது. 1934 ஜூலை 4-ல் ரத்த அணுக்கள் உற்பத்தி குறையும் நோயால் மேரி இறந்தார். பல ஆண்டுக் கதிர்வீச்சே காரணம் என்று கருதப்படுகிறது. அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகளில் இன்னும் கதிர்வீச்சு இருப்பதால், பாரிஸில் ஈயப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும்.