அண்ணன் தேடியது ஒரு பாட்டு, கிடைத்தது தங்கையின் குரல்

1990களின் தொடக்கத்தில் ஒருநாள், அமெரிக்க இசைக் கலைஞர் ரிச்சர்ட் கார்பெண்டர் பழைய ஒலிப்பதிவு நாடா ஒன்றை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தேடியது வேறொரு பாட்டு. நாடாவில் வந்ததோ அவரே மறந்துபோன ஒன்று. 1975ஆம் ஆண்டு அவருடைய தங்கை கேரன் பாடியது. அந்தத் தங்கை இறந்து அப்போது எட்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

'கார்பெண்டர்ஸ்' என்றால் நம்மில் ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு அறிமுகம் தேவையில்லை. 'யெஸ்டர்டே வன்ஸ் மோர்' பாட்டை வானொலியில் கேட்டு, அர்த்தம் பாதி புரிந்தும் புரியாமலும் முணுமுணுத்த தலைமுறை அது. இன்றைக்கும் திருமண விருந்துகளில் கராவோக்கே போட்டால் யாராவது ஒருவர் அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் கேரன் கார்பெண்டர். வாழ்ந்தது 32 ஆண்டுகள் மட்டுமே.

கேரன் 1950ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். அப்பா அச்சுத் தொழிலில் இருந்தவர். மூன்று வயது மூத்த அண்ணன் ரிச்சர்ட் சிறு வயதிலேயே பியானோவில் பெயர் எடுத்துவிட்டதால், வீட்டின் கவனமெல்லாம் அவர் மீதுதான். 1963இல் குடும்பம் கலிபோர்னியாவில் உள்ள டௌனி நகருக்குக் குடிபெயர்ந்ததற்கு, ரிச்சர்டின் இசை எதிர்காலமும் ஒரு காரணம்.

தங்கை இசைக்கு வந்த கதை வேடிக்கையானது. உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பிலிருந்து தப்பிக்கப் பள்ளி வாத்தியக் குழுவில் சேர்ந்தார். முதலில் அவர் கையில் கொடுத்தது மணி போல ஒலிக்கும் ஓர் உலோக வாத்தியம். அது பிடிக்கவில்லை. பக்கத்தில் டிரம்ஸ் அடித்த பையன்களைப் பார்த்து, என்னாலும் முடியும் என்று குச்சிகளை எடுத்தார். பெண் பிள்ளைகள் டிரம்ஸ் பக்கமே போகாத காலம் அது. அடுத்த சில ஆண்டுகளில், 1966இல், அண்ணனும் தங்கையும் இன்னொரு நண்பரும் சேர்ந்து ஹாலிவுட் பவுல் அரங்கில் நடந்த இசைக்குழுப் போட்டியில் வென்றார்கள்.

அதே ஆண்டு ஜோ ஆஸ்போர்ன் என்ற கிட்டார் கலைஞரின் வீட்டுக் கார் கொட்டகையில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் கேரன் முதன்முறையாகப் பாடிப் பதிவு செய்தார். வயது 16. அந்த இசைத்தட்டு வெறும் 500 பிரதிகள்தான் அச்சானது. அங்கே பதிவான மூல நாடாக்கள் 1974இல் ஏற்பட்ட தீ விபத்தில் அழிந்தன. ரிச்சர்ட் பத்திரப்படுத்தியிருந்த பிரதிகளால்தான் அந்தச் சின்னப் பெண்ணின் குரல் 1991இல் வெளியான தொகுப்பில் நமக்குக் கிடைத்தது. எதையும் தூக்கிப் போடாத மனிதர் அவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1969இல் ஏ அண்ட் எம் இசைத்தட்டு நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டு 'க்ளோஸ் டு யூ' வெளியாகி, அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. வங்கி விளம்பரம் ஒன்றில் கேட்ட மெட்டைப் பிடித்து ரிச்சர்ட் முழுப் பாட்டாக்கிய 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்' அடுத்து வந்தது. 1971இல் கிராமி விருதுகள். பிறகு 'டாப் ஆஃப் தி வோர்ல்ட்', 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' என்று வரிசையாக வெற்றி.

வாத்திய அமைப்பு அண்ணனுடையது. மக்கள் மயங்கியது தங்கையின் கனத்த, தாழ்ந்த குரலில். பெண் பாடகி என்றால் உச்சத்தில் பாட வேண்டும் என்று நினைப்பவர்கள் கேரனைக் கேட்க வேண்டும். ஆனால் அவர் தன்னை டிரம்ஸ் கலைஞராகத்தான் நினைத்தார். டிரம்ஸுக்குப் பின்னால் அவர் முகம் தெரியவில்லை என்று மேடையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதில் அவருக்கு விருப்பமில்லை. எல்லார் கண்ணும் தன் உடம்பின் மீது விழும் இடம் அது.

பதின்ம வயதிலேயே உடல் எடையைப் பற்றிக் கவலைப்பட்டவர், புகழ் வந்த பிறகு சாப்பாட்டையே பகையாக்கிக்கொண்டார். 1975இல் உடம்பு தாங்காமல், ஏற்பாடாகியிருந்த பிரிட்டன் இசைப் பயணம் ரத்தானது. அனோரெக்ஸியா நெர்வோசா என்ற நோயின் பெயரை அன்றைக்குப் பொதுமக்கள் கேள்விப்பட்டதே அரிது. நம் வீடுகளிலும் ஒரு பெண் பிள்ளை இளைத்தால், ஒருவர் கண் பட்டுவிட்டது என்பார், இன்னொருவர் இப்போதுதான் அழகாக இருக்கிறாய் என்று பாராட்டுவார். கேரன் வீட்டிலும் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினார்கள், திட்டினார்கள். அது மனத்தில் வேர்விட்ட நோய் என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

1979இல் ரிச்சர்ட் தூக்க மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போனார். அந்த இடைவெளியில் கேரன் நியூயார்க் சென்று, பில் ரமோன் தயாரிப்பில் தனியாக ஓர் இசைத்தொகுப்பைப் பாடி முடித்தார். சொந்தப் பணம் மட்டும் நான்கு லட்சம் டாலர் போனது. அண்ணனுக்கும் நிறுவனத்தாருக்கும் அது பிடிக்கவில்லை. தொகுப்பு கிடப்பில் போடப்பட்டது. கேரன் சம்மதித்தார். சம்மதித்தாரே தவிர, அந்தக் காயம் ஆறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1980இல் நடந்த திருமணமும் ஓராண்டைக் கொஞ்சம் தாண்டியதுமே முறிந்தது.

1982இல் பெரும்பகுதி நியூயார்க்கில் சிகிச்சையில் கழிந்தது. ஏப்ரலில் இரண்டு வாரம் ஊருக்கு வந்தபோது சில பாட்டுகளைப் பதிவு செய்தார். கடைசியாகப் பாடிய பாட்டுகளில் ஒன்றின் பெயர் 'நவ்'. ஒரே தடவை பாடியதோடு சரி. மறு ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி காலை, டௌனியில் பெற்றோர் வீட்டில் மயங்கி விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு போயும் காப்பாற்ற முடியவில்லை. பல ஆண்டுப் பட்டினியில் பழுதடைந்த இதயம் நின்றுவிட்டது. அடுத்த மாதம் அவருக்கு 33 வயது நிறைந்திருக்கும்.

தங்கையைப் புதைத்துவிட்டு வந்த அண்ணனுக்கு மிஞ்சியது அலமாரி நிறைய நாடாக்கள். நம் தமிழ்ச் சினிமாவில் 'டிராக்' பாடுவது என்று சொல்வார்களே, அதைப் போன்றவை அவற்றில் பல. வாத்தியக்காரர்கள் பாட்டின் போக்கைத் தெரிந்துகொண்டு வாசிப்பதற்காகக் கேரன் ஒருமுறை பாடி வைப்பார். பிறகு நிதானமாகப் பாடும்போது அது அழிக்கப்படும். ஆனால் இந்தப் பாட்டுகளுக்கு அந்தப் 'பிறகு' வரவே இல்லை. அவற்றை எடுத்து இசை சேர்த்து, 1983 அக்டோபரில் 'வாய்ஸ் ஆஃப் தி ஹார்ட்' தொகுப்பாக ரிச்சர்ட் வெளியிட்டார். 'நவ்' அதில்தான் இருக்கிறது. கேட்பவர்களுக்கு அது டிராக் என்று சொன்னால்தான் தெரியும்.

தொடக்கத்தில் சொன்ன, மறந்துபோன பாட்டும் இந்த வகைதான். பெயர் 'டிரையிங் டு கெட் தி ஃபீலிங் அகெய்ன்'. மெதுவான பாட்டுகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன என்று 1975இல் ஒதுக்கி வைத்தது. அடுத்த ஆண்டு பாரி மேனிலோ பாடி அதே பாட்டு புகழ் பெற்றுவிட்டது. நாடா கிடைத்த பிறகு ரிச்சர்ட் வாத்திய இசை சேர்த்து 1994இல் வெளியிட்டார். காது கொடுத்துக் கேட்டால், பாட்டின் நடுவே ஒரு தாள் புரளும் சத்தம் வரும். பாட்டு எழுதிய தாளைக் கேரன் புரட்டுகிறார். கிடைத்த குரல் இது ஒன்றுதான், இன்னொரு முறை பாட ஆள் இல்லை. அந்தச் சத்தம் அப்படியே இருக்கிறது. எனக்கு அந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடமும் அதுதான். 25 வயதுப் பெண் ஒருத்தி கையில் தாளோடு நிற்பது கண்ணில் தெரிகிறது.

கேரனின் குரலோடு சேர்த்து வாசிப்பதை ரிச்சர்ட் அதன் பிறகும் விடவில்லை. 2018இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை அவரே நடத்தி, அந்தப் பழைய குரலுக்குப் புதிதாக வாசிக்க வைத்தார்.

நியூயார்க்கில் பாடிய அந்தத் தனித் தொகுப்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதன் சில பாட்டுகளை 1989இல் வேறொரு தொகுப்பில் சேர்த்த ரிச்சர்ட், 1996இல் முழுவதையும் வெளியிட்டார். பாடி 16 ஆண்டுகள், பாடியவர் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. அட்டையில் கேரனின் சமர்ப்பணமும் அச்சாகியிருந்தது. தன் முழு மனத்தோடு அதை அவர் காணிக்கையாக்கியிருந்தது, அது வேண்டாம் என்ற அதே அண்ணனுக்கு.