தானே நிமிர்ந்த படகு – வில்லியம் வுட்ஹேவ் வாழ்க்கை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது எடிசனையும் ஜேம்ஸ் வாட்டையும் எழுதலாம்னுதான் முதலில் நினைத்தேன். அவர்களைப் பற்றி எல்லா மலரிலும் வந்துவிட்டது. அதனால் இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊர் முழுக்கப் பெயர் பெற்ற, ஆனா நம்ம பாடப் புத்தகத்தில் இல்லாத ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்தவர். கவிழ்ந்தாலும் தானே நிமிரும் உயிர்காப்புப் படகை முதலில் மாதிரியாகச் செய்து காட்டியவர் அவர்தான். பெயர் வில்லியம் வுட்ஹேவ்.

பிறப்பும் பிழைப்பும்

இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் என்றொரு ஆறு கடலில் கலக்கிறது. வடகரையில் நார்த் ஷீல்ட்ஸ், தென்கரையில் சவுத் ஷீல்ட்ஸ் என்று இரண்டு ஊர்கள். வுட்ஹேவ் 1751-ல் நார்த் ஷீல்ட்ஸில் பிறந்தார். பெயின்டர் வேலை கற்றுக்கொண்டு, பிறகு சவுத் ஷீல்ட்ஸில் குடியேறினார். அங்கே செயின்ட் ஹில்டா தேவாலயத்தில் கிளார்க் வேலையும் பார்த்தார். பிள்ளைகளுக்குப் பாட்டும் சொல்லிக் கொடுத்தார். இத்தனை வேலை பார்த்தும் வாழ்நாள் முழுக்க ஏழைதான். ஆனா கை சும்மா இருக்காது. எதையாவது யோசித்து, எதையாவது செய்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

அந்தக் காலத்தில் டைன் ஆற்றிலிருந்துதான் லண்டனுக்கு நிலக்கரி போனது. பாய்மரக் கப்பல்கள் நூற்றுக்கணக்கில் வந்து போகும். ஆற்று முகத்தில் இன்றிருக்கிற பெரிய அலைத்தடுப்புச் சுவர்கள் அப்போது கிடையாது. தென்பக்கம் ஹெர்டு சேண்ட் என்றொரு மணல் திட்டு. புயலில் சிக்கிய கப்பல் அதில் தட்டி நின்றுவிட்டால் அவ்வளவுதான், அலையே அதை உடைத்துப் போடும்.

கண் முன்னே போன உயிர்கள்

1789-ல் அட்வென்ச்சர் என்ற கப்பல் அந்தத் திட்டில் மாட்டிக்கொண்டது. கரைக்கும் கப்பலுக்கும் சில நூறு கஜம்தான் தூரம். கரையில் ஆயிரக்கணக்கான ஜனம். கப்பல் ஆட்கள் பாய்மரக் கயிறுகளில் ஏறித் தொங்கினார்கள். கை விறைத்து ஒவ்வொருவராகக் கடலில் விழுந்தார்கள். கரையில் படகுகள் இருந்தன, துடுப்புப் போடத் தெரிந்த ஆட்களும் இருந்தார்கள். ஆனா ஒருவரும் போகவில்லை. அது கோழைத்தனம் இல்லீங்க. அந்த அலைக்குள் சாதாரணப் படகு போனால் உடனே தண்ணீர் நிரம்பி மூழ்கிவிடும். போகிறவரும் சாவார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மனசு வேணும், சரி. ஆனா மனசு மட்டும் இருந்தால் போதாது, அதற்கேற்ற கருவியும் வேணும். அன்றைக்கு அந்த ஊர் இதைத்தான் கற்றுக்கொண்டது.

ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒரு கமிட்டி போட்டார்கள். கொந்தளிக்கிற கடலிலும் போகக்கூடிய படகுக்கு நல்ல மாதிரி கொண்டுவருபவருக்கு 2 கினி பரிசு என்று அறிவித்தார்கள். ஒரு கினி என்பது 21 ஷில்லிங்.

குடத்தில் கிடந்த மரத்துண்டு

வுட்ஹேவுக்கு யோசனை வந்தது பற்றி அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கிணற்றடியில் ஒரு பெண் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தலையில் தூக்கி வைக்கச் சொல்லி அவரைக் கூப்பிட்டாளாம். தண்ணீரின் மேலே உடைந்த மரத்தட்டின் துண்டு ஒன்று மிதந்ததாம். பேசிக்கொண்டே அதைக் குப்புறக் கவிழ்த்தாராம். அது தானாகவே புரண்டு நிமிர்ந்ததாம். மறுபடி கவிழ்த்தாலும் மறுபடி நிமிர்ந்ததாம். இப்படித்தான் இரண்டு முனையும் உயர்ந்த படகு அவர் மனசில் தோன்றியது என்பார்கள்.

அவர் செய்த மாதிரி தகரத்தில் ஆனது. அதன் விசேஷம் என்னன்னா, முன்பக்க அணியமும் பின்பக்க அமரமும் நன்றாக உயர்ந்திருக்கும். அந்த உயர்ந்த பகுதிகளில் மிதக்கும் பொருள் அடைத்திருக்கும். பக்கங்களில் கார்க், அதாவது தக்கை. கனம் எல்லாம் அடியில்.

இந்தப் படகு கவிழ்ந்தால் என்ன ஆகும்? நாம் படித்த மிதப்பு மையம், புவியீர்ப்பு மையம் இரண்டையும் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்க. தலைகீழான படகு தன் இரண்டு உயர்ந்த முனைகள் மேல் நிற்கும். கனமான அடிப்பாகம் இப்போது மேலே, நடுவில் தூக்கி நிற்கும். அந்த நிலை நிலைக்காது. ஒரு சின்ன அலை தட்டினாலும் கனம் ஒரு பக்கம் சாய்ந்து, படகு சுழன்று நிமிர்ந்துவிடும். தலையாட்டி பொம்மையை எத்தனை தடவை சாய்த்தாலும் எழுந்து நிற்கிறதே, அதே தத்துவம்தான். தண்ணீர் நிரம்பினாலும் தக்கை இருப்பதால் மூழ்காது.

ஒரு கினிதான் கிடைத்தது

கமிட்டிக்கு வந்த மாதிரிகளில் வுட்ஹேவுடையதும், ஹென்றி கிரேட்ஹெட் என்ற படகு கட்டுபவருடையதும் முக்கியமானவை. கமிட்டிக்கு எதுவும் முழுத் திருப்தி தரவில்லை. பெரிய படகைச் செம்பில் செய்யலாம் என்ற வுட்ஹேவின் யோசனையும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் வுட்ஹேவுக்குப் பாதிப் பரிசு, அதாவது ஒரே ஒரு கினி என்று முடிவானது.

பிறகு கமிட்டியில் இருந்த இருவர், வந்த யோசனைகளில் நல்லதை எல்லாம் சேர்த்துக் களிமண்ணில் ஒரு மாதிரி செய்தார்கள். கட்டும் வேலை கிரேட்ஹெட்டிடம் போனது. அவர் நேராக இருந்த அடிக்கட்டையை வில் மாதிரி வளைத்தார். 1790 ஜனவரியில் அந்தப் படகு முதன்முதலாக ஒரு மீட்புக்குக் கடலில் இறங்கியது. பெயர் ஒரிஜினல். நீளம் ஏறத்தாழ 30 அடி, 10 துடுப்பு, சுமார் 350 கிலோ தக்கை. முன்னும் பின்னும் ஒரே வடிவம் என்பதால் திரும்பாமலே கரைக்கு வரலாம். 40 வருஷம் உழைத்தது.

1802-ல் பார்லிமென்ட் கிரேட்ஹெட்டுக்கு 1,200 பவுண்டு கொடுத்தது. வேறு அமைப்புகளும் பணமும் பதக்கமும் கொடுத்தன. ஒரு பக்கம் 1,200 பவுண்டு, ஒரு பக்கம் ஒரு கினி. படித்தபோது எனக்கு ரொம்ப ஆத்திரம் வந்தது.

ஆனா நாம் தொழில்நுட்பம் படிப்பவர்கள். இரண்டு பக்கமும் பார்க்கணும். கிரேட்ஹெட் திருடர் இல்லை. தகர மாதிரி எந்த மாலுமியையும் காப்பாற்றாது, யாராவது மரத்தையும் ஆணியையும் எடுத்துக் கட்டினால்தான் காப்பாற்றும். அவர் கட்டினார். பேடன்ட் எடுக்கவே இல்லை. யார் கேட்டாலும் படகின் விவரத்தைக் கொடுத்தார். அவர் 1802-ல் கட்டிய ஜெட்லண்ட் என்ற படகு 500-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்தது. ரெட்கார் என்ற ஊரில் அந்தப் படகு இன்றும் இருக்கிறது. இவர்களுக்கும் முன்னே, லயனல் லூகின் என்ற லண்டன் வண்டிப்பட்டறைக்காரர் 1785-லேயே மூழ்காத படகுக்குப் பேடன்ட் வாங்கியிருந்தார். ஆக, ஒரே மனுஷனால் வந்த கண்டுபிடிப்பு இல்லை இது.

என் வருத்தம் வேற. கமிட்டி வுட்ஹேவின் தக்கையை எடுத்துக்கொண்டது. உயர்ந்த முனைகளையும் ஓரளவு எடுத்துக்கொண்டது. ஆனா அவர் சொன்னதில் உயிர்நாடியான விஷயத்தை, கவிழ்ந்தால் தானே நிமிரும் என்பதை விட்டுவிட்டது. ஒரிஜினல் மூழ்காத படகு. கவிழ்ந்தால் நிமிராத படகு.

வுட்ஹேவ் பணமும் பெரிய பெயரும் இல்லாமல் 1821-ல், 70-ஆவது வயதில் சவுத் ஷீல்ட்ஸில் காலமானார். செயின்ட் ஹில்டா தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் கல்லறைக் கல்லில் ஓர் உயிர்காப்புப் படகின் உருவம் இருக்கிறது. ஊர் ஜனம் மறக்கவில்லை.

விட்டுப்போனதற்கு விலை

நண்பர்களே, இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

1849 டிசம்பர் 4. அதே ஊர், அதே ஹெர்டு சேண்ட் திட்டு. பெட்ஸி என்ற கப்பல் மாட்டிக்கொண்டது. பிராவிடன்ஸ் என்ற உயிர்காப்புப் படகு கிளம்பியது. அதில் 24 பேர். எல்லோரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டுகள், அந்தக் கடலை உள்ளங்கை மாதிரி அறிந்தவர்கள். கப்பலின் பக்கத்தில் ஒரு பேரலை தூக்கிப் போட்டதில் படகு கவிழ்ந்தது. தக்கை இருந்ததால் மூழ்கவில்லை. ஆனா நிமிரவும் இல்லை. 20 பேர் இறந்துபோனார்கள்.

வுட்ஹேவ் தகர மாதிரியைக் கமிட்டி முன் வைத்து அன்றைக்கு 60 வருஷம் ஆகியிருந்தது.

அதன் பிறகுதான் நார்தம்பர்லேண்ட் பிரபு, சிறந்த உயிர்காப்புப் படகு மாதிரிக்கு 100 கினி பரிசு அறிவித்தார். 280 மாதிரிகள் வந்தன. 1851-ல் ஜேம்ஸ் பீச்சிங் என்ற படகு கட்டுபவருக்குப் பரிசு கிடைத்தது. அவருடைய படகு எது தெரியுமா? தானே நிமிரும் படகு! ஜேம்ஸ் பீக் என்பவர் அதை இன்னும் திருத்தி அமைத்தார். பிறகு பல வருஷம் பிரிட்டனின் உயிர்காப்புச் சங்கத்தில் அந்த வகைப் படகுதான் அதிகம்.

இதோடு குறை தீர்ந்ததா என்றால், இல்லை. 1886 டிசம்பரில் மெக்ஸிகோ என்ற கப்பலைக் காப்பாற்றப் போன இரண்டு படகுகள் கவிழ்ந்து 27 பேர் இறந்தார்கள். இரண்டும் தானே நிமிரும் வகைதான். அமைதியான துறைமுகத் தண்ணீரில் செய்யும் சோதனை வேற, ஆழம் குறைந்த இடத்துக் கொந்தளிப்பு வேற. ஒரு டிசைன் சரின்னு ஆனபிறகும் அதை விடாமல் சோதித்துக்கொண்டே இருக்கணும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

இன்றைக்கும் அதே யோசனை

கரையோர மீட்புக்கு இன்று வேகமான ரப்பர் குழாய்ப் படகுகள் வந்துவிட்டன. பிரிட்டனில் 1963 முதல் இவற்றைப் பயன்படுத்துகிறார்கள். 1972-ல் அட்லாண்டிக் 21 என்ற வகை வந்தது. வேல்ஸில் உள்ள அட்லாண்டிக் கல்லூரியில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து சோதித்து வளர்த்த படகு என்பதால் அந்தப் பெயர். மாணவர் கை பட்ட படகு என்பதில் நமக்கும் பெருமைதானே! அதன் வழியில் வந்த அட்லாண்டிக் 85 ரகம் 2005 முதல் சேவையில் உள்ளது. வேகம் மணிக்கு சுமார் 35 கடல் மைல்.

இந்தப் படகின் பின்பக்கம் இரும்பு வளைவு மாதிரி ஒரு சட்டம் நிற்கும். அதன் மேல் ஒரு பை மடித்து வைத்திருக்கும். படகு கவிழ்ந்துவிட்டால் ஆட்கள் பின்பக்கம் வந்து கைப்பிடியை இழுப்பார்கள். சிலிண்டரிலிருந்து வாயு பாய்ந்து பை உப்பும். மிதப்பு ஒரு முனையில் கூடியதும் படகு புரண்டு நிமிரும். இன்ஜின் தண்ணீரில் தலைகீழாக இருந்தாலும் கெடாதபடி செய்திருப்பதால், மறுபடி ஸ்டார்ட் செய்து போகலாம். தகரத்துக்குப் பதில் ரப்பர், தக்கைக்குப் பதில் வாயு. ஆனா உயரமான இடத்தில் மிதப்பைக் கொடுத்துக் கவிழ்ந்த படகை நிற்கவிடாமல் செய்வது, அந்தப் பெயின்டரின் யோசனைதான்.

1890-ல் சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரைச் சாலையில் மணிக்கூண்டோடு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அது வுட்ஹேவ், கிரேட்ஹெட் இருவருக்கும் சேர்த்து. யோசித்தவரும் கட்டியவரும் ஒரே கல்லில். பக்கத்தில் 1833-ல் கட்டிய டைன் என்ற பழைய உயிர்காப்புப் படகையும் வைத்திருக்கிறார்கள். இதுதான் நியாயமான முடிவு என்று நினைக்கிறேன். ஆனா அந்த நியாயம் வுட்ஹேவ் கண்ணை மூடி 69 வருஷம் கழித்து வந்தது.

முடிவாக

எங்க வீட்டில் டிராயிங் ஷீட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் முதல் ஆள் நான்தான். நாளைக்கு நாம் சூப்பர்வைசராகவோ, ஜூனியர் இன்ஜினியராகவோ ஏதோ ஒரு மேசைக்குப் பின்னால் உட்காருவோம். அப்போது படிக்காத ஒரு பெயின்டரோ, ஃபிட்டரோ, ஹெல்பரோ வந்து, சார் இதை இப்படிச் செஞ்சா என்ன என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். அவர் கையில் பட்டம் இருக்காது. பேச்சும் கோர்வையாக இருக்காது. கொண்டுவந்த மாதிரி தகரத்தில் கோணல்மாணலாக இருக்கும்.

அன்றைக்கு அவர் சொல்வதைப் பாதியோடு நிறுத்தாமல், முழுசாகக் கேட்போம். நாம் கேட்காமல் விடுகிற அந்தப் பாதியில்தான் 20 பேரின் உயிர் இருக்கும்.



– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு