குடிச்செல்வம் உலகச் செல்வமான கதை

ஒரு குடும்பம் ஓர் ஊரில் மூன்று தலைமுறை நிலைத்துவிட்டால், அதன் பெயரில் நிலமும் வீடும் சில வழக்குகளும் சேர்ந்துவிடுவது இயல்பு. பேரன் காலத்தில் நிலம் கைமாறும், வீடு இடியும், பத்திரங்களில் மட்டும் பெயர் எஞ்சும். பாட்டையே சொத்தாகக் கொண்ட குடும்பத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஏட்டில் எழுதினாலும் முழுதும் ஏட்டுக்குள் அடங்காத சொத்து அது. பாடுகின்ற குரல் அவிந்தால் சொத்தும் அவியும். அத்தகைய சொத்தைத் தம் முன்னோரிடமிருந்து பெற்றுக் காத்ததோடு நில்லாமல், தம் முதுமையில் அதை ஊரறிய ஈந்துவிட்ட ஒருவரின் வாழ்க்கையை இம்மலரில் எண்ணிப்பார்ப்பது பொருத்தமாகும். அவர் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் (1839–1906).

எட்டயபுரம் என்றவுடன் நம் போன்றோர்க்குப் பாரதியின் நினைவு எழும். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பதும் அவ்வூரில்தான். கரிசல் மண்ணும் வானம் பார்த்த வேளாண்மையும் கொண்ட அச்சிற்றூர், தன் மழையளவிற்குச் சற்றும் பொருந்தாத அளவில் கவிகளையும் கலைஞர்களையும் தாங்கியது. அவ்வரிசையில் தீட்சிதர் குடும்பமும் ஒன்று.

விரிஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள்

இக்குடும்பம் எட்டயபுரத்தில் தோன்றியதன்று. வடார்க்காட்டு விரிஞ்சிபுரத்தில் வேங்கடேசுவர தீட்சிதரின் மகனாக 1735-இல் பிறந்த இராமசாமி தீட்சிதரே இசைவழியின் முதல்வர். அக்குடும்பம் தெற்கே பெயர்ந்து சோழநாட்டுக் கோவிந்தபுரத்தில் தங்கியது. அங்கு வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடம், வேங்கடமகி வகுத்த எழுபத்திரண்டு மேளங்களின் நெறியை இராமசாமி தீட்சிதர் கற்றார். அவர் கண்டளித்த அம்சத்துவனி இராகம் இன்றைக்கும் கச்சேரிகளின் தொடக்கத்தில் ஒலிக்கின்றது.

நாற்பது வயதுவரை பிள்ளைப்பேறின்றி வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசாமியை வேண்டிப் பெற்றதால், திருவாரூரில் 1775-இல் பிறந்த மூத்த மகனுக்கு முத்துசாமி என்று பெயரிட்டனர். அவரையடுத்துச் சின்னசாமி, பாலுசாமி என்னும் ஆண்மக்கள் இருவரும் பாலாம்பாள் என்னும் மகளும் பிறந்தனர். பின்னர்க் குடும்பம் சென்னையை அடுத்த மணலிக்குச் சென்றது. அவ்வூர் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் பாலுசாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். தென்னாட்டு இசைக்கு வயலினைப் பழக்கியவர்களுள் அவர் முன்னோடி. பழமையைப் போற்றிய குடும்பம் என்று பெயரெடுத்த இவர்கள், பிறநாட்டுக் கருவியை ஏற்க மறுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

எட்டயபுரத் தொடர்பு பாலுசாமியால் வந்தது. சின்னசாமி பார்வையிழந்து, 1823-இல் மதுரையில் மறைந்தார். தனித்து நின்ற பாலுசாமியை எட்டயபுர அரண்மனை ஏற்றுக்கொண்டது. தம்பியின் சாவைக் கேட்ட முத்துசாமி தீட்சிதர், எஞ்சிய தம்பியைத் தேடித் தெற்கே நடந்தார். வழியில் வறண்ட நிலம் கண்டு அமிர்தவர்சினி இராகத்தில் பாடினார், மழை பெய்தது என்பது செவிவழிச் செய்தி. அவர் எட்டயபுரத்தை அடைந்தபோது, அரண்மனைச் செலவில் பாலுசாமியின் திருமணத்திற்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது என்று குடும்ப வரலாறு கூறுகின்றது. இழந்த தம்பிக்காக அழுதுவந்த அண்ணன், இருக்கின்ற தம்பியின் மணவிழாவில் வந்து நின்றார். 1835-ஆம் ஆண்டுத் தீபாவளி நாளில், அதே எட்டயபுரத்தில் முத்துசாமி தீட்சிதர் உயிர் நீத்தார். அவர் சமாதி அவ்வூரில்தான் உள்ளது.

மகள் வயிற்றுப் பேரன்

பாலுசாமிக்கு இசையைக் கையளிக்க ஆண்மகவு இல்லை. அன்னபூரணி என்னும் மகள் இருந்தார். திருவாரூர்ச் சிவராமையரை மணந்த அவ்வம்மைக்கு 1839-இல் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. பாலுசாமி அப்பேரனைச் சிறுவயதிலேயே தத்தெடுத்து எட்டயபுரத்திற்கு அழைத்துவந்தார். தாய்வழிப் பாட்டனார் சட்டப்படி தந்தையானார். அக்குழந்தையே சுப்பராம தீட்சிதர்.

குலமுறை கிளத்துவோர் தந்தை பெயர்களை மட்டும் அடுக்கிச் செல்வது வழக்கம். இக்குடும்பத்தின் இசைவழியோ அன்னபூரணி என்னும் பெண்ணின் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்கு வந்தது. அவர் தம் மகனை ஈன்றதோடு, பிள்ளைப் பருவத்திலேயே அவனைத் தந்தையின் கையில் ஒப்படைக்கவும் செய்தார். அத்தாயின் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. அவர் கொடாதிருந்தால் இக்கதை இங்கேயே முடிந்திருக்கும்.

காலக் கணக்கையும் நாம் கருத்தில் கொள்ளவேண்டும். முத்துசாமி தீட்சிதர் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின் பிறந்தவர் சுப்பராமர். பெரிய பாட்டனாரின் குரலை அவர் கேட்டதில்லை. பாலுசாமி தீட்சிதர் 1859-இல் காலமானபோது சுப்பராமருக்கு வயது இருபது. தஞ்சை நால்வர் முதலான மாணவர்கள் வழியே முத்துசாமி தீட்சிதரின் பாடல்கள் வேறிடங்களிலும் வாழ்ந்தன என்பது உண்மையே. ஆயினும் குடும்பத்துக்குள் வந்த மரபு முழுவதும், எழுபதைக் கடந்த முதியவரிடமிருந்து ஓர் இளைஞருக்கு, அந்தச் சில ஆண்டுகளில் வாய்மொழியாகவே இறங்கியது. அந்த ஓர் இழை அறுந்திருக்கக்கூடும், அறவில்லை.

இளைஞர் வடமொழியும் தெலுங்கும் கற்றார், வீணை பயின்றார், பதினேழு வயதிலேயே வர்ணம் இயற்றி அவையில் பாடினார். அது தந்தையார் செய்ததாக இருக்குமோ என்று அவையில் சிலர் ஐயுற்றனர். அரசர் புதியதொன்று இயற்றுமாறு பணிக்க, அவரும் இயற்றி ஐயம் நீக்கினார். புகழ்பெற்ற குடும்பத்தில் பிறந்தவர்க்கு நேரும் இடர் இது. நன்றாகச் செய்தால் முன்னோர் செய்தது என்பர். குறை நேர்ந்தால் குடிக்குக் கேடு என்பர். பாலுசாமிக்குப் பின் அவர் அரண்மனை வித்துவானாகி, தம் வாழ்நாள் முழுவதையும் அவ்வூரிலேயே கழித்தார்.

ஈவதா, காப்பதா

அறுபதை நெருங்கிய காலத்தில் அவர் முன் ஒரு வேண்டுகோள் வந்தது. வேண்டியவர் சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய சின்னசாமி முதலியார். கத்தோலிக்கக் கிறித்தவர், மேலையிசையிலும் பயிற்சியுடையவர். நம் நாட்டுப் பாடல்களை ஐரோப்பிய இசைக்குறியில் எழுதி, 1892 முதல் தொடர்வெளியீடாக அச்சிட்டு வந்தவர். தம் பொருளையும் கண்ணொளியையும் அப்பணியில் தேய்த்தவர். முத்துசாமி தீட்சிதர் பாடல்களின் நம்பத்தக்க வடிவம் எட்டயபுரத்தில் உள்ளது என்று அறிந்து சுப்பராமரை நாடினார்.

சுப்பராமர் முதலில் தயங்கினார். அத்தயக்கத்தைக் கஞ்சத்தனம் என்று எளிதில் ஒதுக்கிவிடலாகாது. குடும்பத்துச் சுவடிகளே அக்குடும்பத்தின் மதிப்பு. அம்மதிப்பே அரண்மனை மானியம். அதனை அச்சில் ஏற்றினால் எவரும் காசு கொடுத்து வாங்கித் தாமே பாடிக்கொள்ளலாம். அதற்கும் மேலாக ஓர் அச்சம் இருந்தது. குருவின் எதிரே அமர்ந்து பல்லாண்டு கேட்டுப் பெறவேண்டிய இசையைத் தாளில் கண்டு பாடினால், எலும்பு மட்டும் வந்து உயிர் வாராது போய்விடும். இக்கவலை பொய்யன்று. பாட்டெழுதும் நம்முள் பலரும், தம் பாட்டைப் பிறர் வாயில் கேட்கும்போது இதே கலக்கத்தை அடைகின்றோம்.

1899-இல் எட்டயபுரத்தில் செகவீர ராம வேங்கடேசுவர எட்டப்பரின் பட்டமேற்பு நிகழ்ந்தது. பார்வை மங்கிய முதலியார் அவ்விழாவுக்கு வந்து, தம் வேண்டுகோளை ஜமீன்தாரிடமே வைத்தார். ஜமீன்தார் இசைந்து, செலவை ஏற்று, தீட்சிதரை எழுதப் பணித்தார். இதன்பின் தீட்சிதர் எதையும் ஒளிக்கவில்லை. அரசர் ஆணைக்கு அஞ்சி அரைமனத்தோடு கொடுப்பவர் பாதியைக் கொடுத்து மீதியை மறைப்பார். இவரோ தம் கையிலிருந்ததை எல்லாம் வாரி வழங்கினார். எனவே, மாறியது அவர் மனமே எனக் கொள்வது தகும்.

அச்சேறிய மரபு

சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904-இல் வெளிவந்தது. இரண்டு பாகங்கள், ஏறத்தாழ 1,700 பக்கங்கள். அச்சிட்டது எட்டயபுரம் வித்தியா விலாசினி அச்சகம். எழுபத்திரண்டு மேளங்களுக்கும் அவற்றில் பிறந்த இராகங்களுக்கும் இலக்கணம். கீதங்கள், தானங்கள், வர்ணங்கள். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229. இவையனைத்தும் சுரக்குறிப்போடு அமைந்தன. எலும்பு மட்டும் வரும் என்ற அச்சத்துக்கும் அவரே மருந்து கண்டார். சுரம் அசையும் அசைவு, வழுக்கும் வழுக்கு, அழுந்தும் அழுத்தம் என ஒவ்வொரு கமகத்திற்கும் தனித்தனிக் குறியீடு அமைத்துச் சுரத்தின் மேல் இட்டார். வீணைத் தந்தியில் விரல் செல்லும் வழியைத் தாளில் காட்ட முயன்ற முயற்சி அது. வாழ்நாள் முழுதும் செவியையே நம்பிய ஒருவர், முதுமையில் கண்ணுக்கு ஓர் இலக்கணம் வகுத்தார்.

இசைவாணர் பலரின் வரலாற்றையும் அந்நூலில் அவர் எழுதினார். தம் குடும்பத்தின் கதையும் அதிலுண்டு. முத்துசாமி தீட்சிதர் வாழ்க்கை பற்றி நாம் இன்று அறிவனவற்றுள் பெரும்பகுதி இப்பேரன் எழுதியதே. குடும்பத்தார் எழுதிய குடும்பக் கதையில் வியப்புகள் சற்று மிகுந்திருக்கும் என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. ஆயினும் அவ்வியப்புகளை நீக்கிவிட்டால், நம் கையில் மிகச் சிலவே மிஞ்சும்.

நூல் முழுமை பெற்றதைக் காண முதலியார் இல்லை. அதற்கு முன்பே அவர் காலமானார். கேட்டவர் பெறாமலே போக, கேளாத நாம் பெற்றோம்.

அதே 1904-இல் வடநாட்டு இசையறிஞர் பாதகண்டே எட்டயபுரம் வந்தார். வேங்கடமகியின் சதுர்தண்டி பிரகாசிகைச் சுவடியைத் தீட்சிதர் அவருக்கும் வழங்கினார். தென்னாட்டு மேள முறையைக் கண்டு சென்ற பாதகண்டே, பின்னர் இந்துத்தானி இராகங்களைப் பத்துத் தாட்டுகளாக வகுத்தார். ஒரு சிற்றூர் வீட்டில் இருந்த ஏடு இமயம்வரை பயன் தந்தது.

1905-இல் தொடக்க மாணவர்க்கென ஒரு பயிற்சி நூலும் வெளியிட்டு, 1906-இல் சுப்பராமர் மறைந்தார். அவ்வூரிலேயே பிறந்து, அரண்மனையில் சிறிது காலம் பணிபுரிந்த பாரதி, அவர் மறைவுக்கு இரங்கிக் கவிதை பாடினார். அதே பாரதி, பொருளறியாமல் பழைய பாடல்களையே திரும்பத் திரும்பப் பாடும் வழக்கத்தைக் கடிந்து, தமிழில் புதுப்பாடல் வேண்டும் என்றும் எழுதினார். இவ்விரண்டும் முரண் அல்ல. பழையது செம்மையாகக் காக்கப்பட்ட இடத்தில்தான் புதியதை அச்சமின்றிக் கேட்க முடியும்.

ஒரு மனக்குறையும் உண்டு. நூல் தெலுங்கு எழுத்தில் அச்சாயிற்று. அரண்மனையின் மொழியும் அக்கால இசைநூல் வழக்கும் அதற்குக் காரணம். தமிழ் மண்ணில் தோன்றிய அந்நூல் தமிழ் எழுத்தில் வர அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. சென்னை மியூசிக் அகாதெமி 1961 தொடங்கி 1983 வரை ஐந்து பகுதிகளாக அதனை வெளியிட்டது.

சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் (1863–1936) பிற்காலத்தில் சென்னை சென்று, நீதிபதி டி. எல். வேங்கடராம ஐயர், டி. கே. பட்டம்மாள் முதலானோர்க்குக் கற்பித்தார். குருதி உறவில்லாத அவர்கள் வழியாகவே தீட்சிதர் பாடல்கள் மேடைதோறும் பரவின. எட்டயபுரத்தில் அரண்மனையின் ஆட்சி முடிந்தது; ஆதரித்தோரும் போயினர். அவர்களைச் சார்ந்து வாழ்ந்த குடும்பத்தின் செல்வம் மட்டும் அழியவில்லை, அது அக்குடும்பத்தின் உடைமையாக இல்லாது போனமையால்.

நம் வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்திருக்கின்றது. கூடிப் படித்தோம், பாடினோம், வாதிட்டோம். அவற்றுள் எழுதி வைத்தவை எத்தனை, நம் பெட்டிகளிலும் நினைவுகளிலும் உறங்குபவை எத்தனை என்று இவ்வேளையில் ஒவ்வொருவரும் எண்ணிப்பார்ப்பது நன்று. வேண்டி வருவதற்கு ஒரு சின்னசாமி முதலியார் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. அவர் வரும்வரை காத்திராமல் கொடுக்கத் தொடங்குவதே, எட்டயபுரத்து முதியவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.